பகுதிநேர வேலைக்கு லீவுச் சம்பளம்: பிரித்தானியாவில் நம்மவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

லண்டனில் ஒரு சின்னக் கணக்காளர் அலுவலகத்தில் கடைகளுக்கும் பெற்றோல் நிலையங்களுக்கும் சம்பளக் கணக்குப் போடுவது என் வேலை. மாதக் கடைசியில் முதலாளிமார் கேட்பது வரியைப் பற்றி. வேலை செய்கிறவர்கள் கேட்பது லீவைப் பற்றி. அதிலும் பகுதிநேரக்காரர்தான் கூடுதலாகக் கேட்கிறார்கள், ஏனென்றால் அவர்களுக்குத்தான் ஆளுக்கொரு கதை சொல்லப்படுகிறது. கேட்டவற்றையும் நான் சொன்னவற்றையும் கீழே தொகுத்திருக்கிறேன். இது இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்கொட்லாந்துக்கான கணக்கு. வட அயர்லாந்திலும் அடிப்படை 5.6 கிழமைதான். ஆனால் 12.07 சதவீதம் பற்றிக் கீழே வரும் 2024 மாற்றம் அங்கே செல்லாது.

கிழமைக்கு மூன்று நாள்தான் வேலை. எனக்கும் சம்பளத்தோடு லீவு இருக்கிறதா?

இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளிலிருந்தே சேரத் தொடங்கும். 1998ஆம் ஆண்டின் வேலைநேர ஒழுங்குவிதிகள்தான் அடிப்படை. முதலில் வருடத்துக்கு 3 கிழமையாக இருந்து, 1999 நவம்பரிலிருந்து 4 ஆனது. 2007 ஒக்டோபரில் 4.8 ஆனது, 2009 ஏப்ரலில் 5.6 ஆனது. இன்றுவரை அதுதான்.

இதில் ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் போய்விடும்: கிழமை. சட்டம் உங்களுக்குத் தருவது 28 நாள் அல்ல, 5.6 கிழமை. யாருடைய கிழமை? உங்களுடையது. உங்கள் கிழமை மூன்று நாள் என்றால் மூன்று நாள் கொண்ட கிழமை 5.6. ஒரு நாள் என்றால் ஒரு நாள் கொண்ட கிழமை 5.6. "28 நாள் முழுநேரக்காரருக்கு, உனக்கு ஒன்றும் இல்லை" என்று சொல்கிற முதலாளி சட்டத்தின் முதல் வரியையே வாசிக்கவில்லை. பகுதிநேரக்காரரை அதே வேலை செய்யும் முழுநேரக்காரரைவிடக் குறைவாக நடத்தக்கூடாது என்று 2000ஆம் ஆண்டிலிருந்து தனியாக ஒரு ஒழுங்குவிதியும் இருக்கிறது.

சரி, 5.6 கிழமை என்றால் எத்தனை நாள்?

கிழமைக்கு எத்தனை நாள் வேலையோ அதை 5.6ஆல் பெருக்குங்கள். ஒரு நாள் வேலைக்கு 5.6 நாள், இரண்டுக்கு 11.2, மூன்றுக்கு 16.8, நான்குக்கு 22.4, ஐந்துக்கு 28. ஆறு நாள் வேலை செய்தால் கணக்குப்படி 33.6 வரும். ஆனால் 28க்கு மேல் தரச் சட்டம் கட்டாயப்படுத்தாது. முதலாளி விரும்பினால் தரலாம். நான் பார்த்தவரையில் விரும்புவதில்லை.

நாளில் எண்ணுவதா, மணித்தியாலத்தில் எண்ணுவதா?

ஒவ்வொரு நாளும் ஒரே அளவு நேரம் வேலை என்றால் எப்படி எண்ணினாலும் ஒன்றுதான். நாளுக்கு நாள் நேரம் வித்தியாசப்பட்டால் மணித்தியாலத்தில் எண்ணுங்கள். ஏன் என்பதற்கு ஒரு கடைக் கணக்கைச் சொல்கிறேன்.

ஒரு அக்கா சனிக்கிழமை 10 மணித்தியாலம், ஞாயிற்றுக்கிழமை 6 மணித்தியாலம் வேலை செய்தார். இரண்டு நாள் வேலை, ஆகவே 11.2 நாள் லீவு என்று கொப்பியில் எழுதி வைத்திருந்தார்கள். அவர் ஞாயிற்றுக்கிழமையில் லீவே எடுக்கவில்லை. கோயில், கல்யாணம், பிள்ளைகளின் தமிழ்ப் பள்ளி எல்லாம் சனிக்கிழமையில்தானே வரும்? எடுத்தது முழுக்கச் சனி. பதினொரு சனி என்றால் 110 மணித்தியாலம். உண்மையில் அவருக்கு உரியது 16 தர 5.6, அதாவது 89.6 மணித்தியாலம். முதலாளி 20 மணித்தியாலம் கூடக் கொடுத்துவிட்டார். அடுத்த வருடம் அதைக் கண்டுபிடித்து முகம் சுளித்தார். மறுபக்கம், அக்கா ஞாயிறு மட்டும் லீவு எடுத்திருந்தால் அவருக்குத்தான் 20 மணித்தியாலத்துக்கு மேல் நட்டம். மணித்தியாலத்தில் எண்ணியிருந்தால் சனி எடுத்தால் 10 கழியும், ஞாயிறு எடுத்தால் 6 கழியும். யாருக்கும் மனத்தாங்கல் இல்லை.

கிழமைக்கு 20 மணித்தியாலம் வேலை என்றால் வருடத்துக்கு 112 மணித்தியாலம். இந்த எண்ணை மனப்பாடம் செய்து வையுங்கள். நம்மவர்களில் பலருடைய ஒப்பந்தம் 20 மணித்தியாலந்தான்.

16.8 நாள் என்று வருகிறது. முதலாளி 16 என்று வெட்டலாமா?

வெட்டக்கூடாது. 17 ஆக்கலாம், அது அவர் விருப்பம். 16.8 ஆகவே வைத்து, அந்த 0.8 நாளை ஒரு நாள் நேரத்தோடு வீட்டுக்குப் போவதற்குத் தரலாம். கீழே இறக்க மட்டும் முடியாது.

நான் செவ்வாயிலிருந்து வியாழன் வரை வேலை. பாங்க் ஹொலிடே (அரச பொது விடுமுறை) எல்லாம் திங்களிலேயே வருகிறது. எனக்கு நட்டமா?

பகுதிநேரக்காரர் கூடுதலாக ஏமாறுவது இந்த இடத்தில்தான். அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

முதலில் ஒன்று: பாங்க் ஹொலிடே அன்று லீவு தரவேண்டும் என்று சட்டத்தில் கிடையாது. உங்கள் 5.6 கிழமைக்குள்ளேயே அதையும் முதலாளி சேர்த்துக்கொள்ளலாம். 5.6 என்ற எண்ணே அப்படித்தான் பிறந்தது: பழைய 4 கிழமை, அதோடு ஐந்து நாள் வேலைக்காரருக்கு எட்டு பாங்க் ஹொலிடேக்குச் சமமான 1.6 கிழமை.

பல நிறுவனங்களின் ஒப்பந்தத்தில் "20 நாளும் பாங்க் ஹொலிடேயும்" என்று இருக்கும். முழுநேரக்காரருக்கு 20 கூட்டல் 8, ஆக 28. சரி. இப்போது மூன்று நாள் வேலை செய்பவருக்கு அதை எப்படிப் பிரிக்கிறார்கள் என்று பாருங்கள். 20ஐ ஐந்தில் மூன்றாக்கி 12 நாள் கொடுப்பார்கள். பிறகு, "உங்கள் வேலை நாளில் விழுகிற பாங்க் ஹொலிடே உங்களுக்கு" என்பார்கள்.

2025ஆம் ஆண்டின் இங்கிலாந்துக் கலண்டரை எடுங்கள். ஜனவரி 1 புதன். பெரிய வெள்ளி ஏப்ரல் 18. அதன்பின் ஏப்ரல் 21, மே 5, மே 26, ஓகஸ்ட் 25 நான்கும் திங்கள். நத்தார் வியாழன், மறுநாள் வெள்ளி. திங்கள் முதல் புதன் வரை வேலை செய்பவருக்கு ஐந்து நாள் விழுகிறது. மொத்தம் 17, பிரச்சினை இல்லை. புதன் முதல் வெள்ளி வரை என்றால் நான்கு, மொத்தம் 16. செவ்வாய் முதல் வியாழன் வரை வேலை செய்யும் உங்களுக்கோ ஜனவரி 1உம் நத்தாரும் மட்டும். மொத்தம் 14. சட்டப்படி உங்களுக்குக் குறைந்தது 16.8. ஆக 2.8 நாள் காணாமல் போய்விட்டது. யாரும் திருட வேண்டும் என்று நினைக்கவில்லை, கலண்டர் திருடிவிட்டது. ஆனால் பொறுப்பு முதலாளியுடையது.

சரியான வழி எளிது. உங்கள் கணக்கில் 16.8 நாள் என்று போட வேண்டும். உங்கள் வேலை நாளில் பாங்க் ஹொலிடே வந்து கடை பூட்டினால் அதில் ஒரு நாளைக் கழிக்க வேண்டும். வராவிட்டால் அந்த நாள் உங்கள் கையிலேயே இருக்கும்.

எனக்கு ரோட்டா (வேலை நேர அட்டவணை) ஒவ்வொரு கிழமையும் மாறும். ஒரு கிழமை 30 மணித்தியாலம், மறு கிழமை 8. எப்படிக் கணக்கிடுவது?

இதற்குத்தான் 12.07 சதவீதம். எங்கிருந்து வந்தது இந்த எண்? வருடத்தில் 52 கிழமை. அதில் 5.6 லீவு. மிச்சம் 46.4 கிழமை வேலை. 5.6ஐ 46.4ஆல் வகுத்தால் 0.1207. அதாவது வேலை செய்த ஒவ்வொரு 100 மணித்தியாலத்துக்கும் 12 மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூட லீவு.

ஒரு மாணவத் தம்பியின் மூன்று மாதச் சிட்டை இப்படி இருந்தது: 62, 80, 38 மணித்தியாலங்கள். முதல் மாதம் 62இன் 12.07 சதவீதம் 7.48. அரை மணித்தியாலத்துக்குக் குறைவான மிச்சத்தை விட்டுவிட விதி அனுமதிக்கிறது, ஆகவே 7. இரண்டாம் மாதம் 9.66, அரைக்கு மேல், ஆகவே 10. மூன்றாம் மாதம் 4.59, அது 5. மூன்று மாதத்தில் 22 மணித்தியாலம் சேர்ந்துவிட்டது. தம்பி முதல் மாதம் அரை மணித்தியாலத்தைக் கொள்ளையடித்துவிட்டார்கள் என்று கோபப்பட்டார். மூன்று மாதத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால் 21.73தான் வரும், அவருக்குக் கொஞ்சம் லாபமே என்று காட்டியபிறகு ஆறினார்.

முக்கியமான எச்சரிக்கை: இந்த முறை 2024 ஏப்ரல் 1ஆம் திகதியோ அதன்பின்னோ தொடங்கிய லீவு வருடங்களுக்கு (லீவு வருடம் என்பது முதலாளி லீவை எண்ணும் பன்னிரண்டு மாதம்). ஒப்பந்தப்படியே நேரம் முழுக்கவோ பெரும்பாலுமோ மாறிக்கொண்டிருப்பவர்களுக்கும், வருடத்தில் சில காலம் மட்டும் வேலை செய்து மிச்சக் காலத்தில் ஒரு கிழமைக்குக் குறையாத சம்பளமற்ற இடைவெளி உள்ளவர்களுக்கும் மட்டுந்தான் பொருந்தும். பள்ளிக்கூடத் தவணையில் மட்டும் வேலை செய்கிறவர் இதில் வரலாம். ஆனால் அவருடைய சம்பளத்தை 12 மாதத்துக்கும் பரப்பிக் கொடுத்தால் சம்பளமில்லாத கிழமை என்று ஒன்று இருக்காது, அப்போது கதை வேறு.

2022இல் உச்ச நீதிமன்றம் 12.07 பிழை என்று சொன்னதாகக் கேள்விப்பட்டேனே?

சொன்னது உண்மை. பெட்ஃபர்டில் ஹார்ப்பர் அறக்கட்டளை நடத்தும் பள்ளியொன்றில் இசை கற்பித்த பிரேஸல் என்ற ஆசிரியையின் வழக்கு அது. தவணைக் காலத்தில் மட்டும் வேலை, மணித்தியாலக் கணக்கில் சம்பளம். பள்ளி அவருக்கு 12.07 சதவீதம் கொடுத்தது. அவர் கேட்டது, "சட்டத்தில் 5.6 கிழமை என்றுதானே இருக்கிறது, அதைக் குறைக்க எங்கே எழுதியிருக்கிறது?" என்று. எங்கும் எழுதியிருக்கவில்லை. வருடத்தில் 32 கிழமை வேலை செய்பவருக்கு 5.6 கிழமைச் சம்பளம் என்றால் அது 17.5 சதவீதம். முழு வருடம் வேலை செய்பவரைவிட விகிதத்தில் கூட. விசித்திரமாக இருந்தாலும் சட்டம் அதுதான் என்று 2022 ஜூலையில் தீர்ப்பு வந்தது.

அரசாங்கம் பிறகு விதியையே மாற்றிவிட்டது. 2024 ஏப்ரலுக்குப் பிந்திய லீவு வருடங்களில் 12.07 சட்டபூர்வமானது. எனக்குக் கேட்டால், அந்த ஆசிரியை வென்றது நியாயம். எழுதாத விதியைக் காட்டி அதுவரை நாங்கள் எல்லோரும் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தோம், நான் உட்பட.

ஒரு கிழமை 24 மணித்தியாலம், மறு கிழமை 16. இப்படியே மாறி மாறி வரும். நானும் 12.07 ஆளா?

இல்லை. மாறினாலும் அது நிலையான ஒழுங்கு. சராசரி 20, லீவு 112 மணித்தியாலம். அவ்வளவுதான்.

"உன்னுடைய மணிச் சம்பளத்துக்குள்ளேயே லீவுக் காசும் இருக்கிறது" என்கிறார் முதலாளி. அப்படிச் செய்யலாமா?

சிலருக்குச் செய்யலாம், சிலருக்குக் கூடாது.

நேரம் மாறுகிறவர்களுக்கும் வருடத்தில் சில காலம் மட்டும் வேலை செய்பவர்களுக்கும், ஒவ்வொரு சம்பளத்தோடும் 12.07 சதவீதத்தைச் சேர்த்துக் கொடுத்துவிட்டு, லீவில் நிற்கும்போது தனியாகக் காசு கொடுக்காமல் விட 2024இலிருந்து அனுமதி உண்டு. நிலையான 20 மணித்தியாலக்காரருக்கு இப்படிச் செய்ய அனுமதி இல்லை.

அனுமதி உள்ள இடத்திலும் ஒரு நிபந்தனை. சம்பளச் சிட்டையில் அது தனி வரியாகத் தெரிய வேண்டும். "எல்லாம் உள்ளுக்குள் இருக்கிறது" என்ற வாய்ப்பேச்சு செல்லாது. 2025 ஏப்ரலில் 21 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் மணிக்கு 12.21 பவுண். அதற்கு 12.07 சதவீதம் 1.47. ஆக அந்த வீதத்தில் மணிக்கு 13.68 வந்திருக்க வேண்டும், அதில் 1.47 தனி வரியில் இருந்திருக்க வேண்டும். அந்தக் காலத்தில் ஒருவர் "மணிக்கு 12.50, லீவுக் காசு உட்பட" என்று ஆள் எடுத்தார். உட்பட என்றால் அடிப்படைச் சம்பளம் 11.15தானே? லீவுச் சட்டத்தில் தப்பினாலும் குறைந்தபட்சச் சம்பளச் சட்டத்தில் மாட்டுவீர்கள் என்று சொன்னேன். அன்று பின்னேரமே விளம்பரத்தை எடுத்துவிட்டார்.

காசு முன்பே வந்துவிட்டது என்பதற்காக லீவு இல்லை என்று ஆகாது. அந்த நாட்களை நீங்கள் எடுக்கவேண்டும், எடுக்க அவர் விடவேண்டும். கையில் வருகிற காசைச் செலவழித்துவிட்டு லீவில் வெறுங்கையோடு நிற்கிற ஆபத்து மட்டும் உங்களுடையது.

லீவில் நிற்கும் கிழமைக்கு எவ்வளவு காசு வரவேண்டும்?

நேரமும் சம்பளமும் மாறாதவருக்கு வழமையான கிழமைச் சம்பளம். மாறுகிறவருக்கு, லீவுக் காசு சம்பளத்தோடு சேர்ந்து வராவிட்டால், கடைசி 52 கிழமைகளின் சராசரி. ஒரு சதமும் வாங்காத கிழமைகளை எண்ணக்கூடாது. அவற்றைத் தாண்டிப் பின்னால் போக வேண்டும், 104 கிழமை வரை போகலாம். ஊருக்குப் போய்ச் சம்பளமில்லாமல் ஐந்து கிழமை நின்றீர்களா? அந்த ஐந்தையும் விட்டு, அதற்கு முந்திய ஐந்தைச் சேர்க்க வேண்டும். அப்படி எடுத்த 52 கிழமையில் மொத்தம் 11,700 பவுண் வாங்கியிருந்தால் ஒரு கிழமை லீவுக்கு 225 பவுண்.

2020 ஏப்ரல் வரை 12 கிழமைச் சராசரிதான் எடுத்தார்கள். சில கடைகளில் இன்னும் பழைய பழக்கத்திலேயே போடுகிறார்கள். நத்தார்க் காலத்தில் விழுந்து விழுந்து வேலை செய்தவருக்கு அது லாபமாகக்கூட இருக்கும், ஆனால் விதி அதல்ல.

இன்னொன்று. ஒப்பந்தத்தில் 12 மணித்தியாலம், ஆனால் வருடம் முழுக்க 20 செய்கிறீர்கள் என்றால், அந்த வழமையான ஓவர்டைமும் லீவுச் சம்பளத்தில் சேரவேண்டும், குறைந்தது முதல் 4 கிழமை லீவுக்காவது. மிச்ச 1.6 கிழமைக்கு அடிப்படைச் சம்பளம் போதும் என்று சட்டம் விடுகிறது. இரண்டு விதமாகக் கணக்கு வைப்பது தலையிடி என்பதால், நாங்கள் கணக்குப் பார்க்கும் கடைகளில் முழுவதையும் கூடிய வீதத்திலேயே கொடுக்கச் சொல்வோம்.

வருடத்தின் நடுவில் இரண்டு நாளிலிருந்து நான்கு நாளாக மாறினேன்.

இரண்டு பாதியையும் தனித்தனியாகப் போடுங்கள். முதல் ஆறு மாதம் 5.6 நாள், அடுத்த ஆறு மாதம் 11.2. மொத்தம் 16.8.

சேர்ந்து மூன்று மாதந்தான். எவ்வளவு எடுக்கலாம்?

முதல் வருடத்தில் மாதத்துக்குப் பன்னிரண்டில் ஒரு பங்கு என்ற வீதத்தில் திறந்துவிட முதலாளிக்கு உரிமை உண்டு. மூன்று நாள் வேலைக்காரருக்கு மூன்றாம் மாதத்தில் 4.2 நாள். அதை அரை நாள் கணக்கில் மேலே ஏற்ற வேண்டும் என்பதால் 4.5. 12.07 முறைக்காரருக்கு இது இல்லை, அவர்களுக்குச் சேர்ந்தது சேர்ந்ததுதான்.

நல்லூர்த் திருவிழாவுக்குப் போகவேண்டும். நான்கு கிழமை ஒன்றாகக் கேட்கலாமா?

கேட்கலாம். திருவிழாவே 25 நாள். கொடியேற்றத்துக்கு முன்பே போய் இறங்கித் தீர்த்தம் பார்த்துத் திரும்ப நான்கு கிழமை வேண்டுந்தான். மூன்று நாள் வேலைக்காரருக்கு அது 28 நாள் அல்ல, 12 நாள். 16.8இல் 12 போனால் 4.8 மிச்சம், தீபாவளிக்கும் நத்தாருக்கும் காணும்.

எடுக்கப்போகும் லீவைப்போல் இரண்டு மடங்கு காலத்துக்கு முன்பு அறிவிக்க வேண்டும் என்பது விதி. நான்கு கிழமைக்கு எட்டுக் கிழமை முன்பே சொல்லிவிட்டால் பிழையே வராது. வாயால் சொல்லாமல் வட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ எழுதுங்கள். முதலாளி மறுக்கலாம், ஆனால் லீவு எவ்வளவோ அவ்வளவு காலத்துக்கு முன்பாவது மறுக்க வேண்டும். மறுப்பது அந்தத் திகதியைத்தான், உங்கள் லீவையே அல்ல. வருடம் முழுக்க ஒவ்வொரு திகதிக்கும் "ஆள் இல்லை" என்றால் அது வேறு விஷயம்.

விமானச் சீட்டை வாங்கிவிட்டு லீவு கேட்காதீர்கள். இதை நான் ஒவ்வொரு ஆடி மாதமும் சொல்கிறேன்.

லீவு வேண்டாம், அதைக் காசாகத் தரச்சொல்லிக் கேட்கலாமா?

வேலையில் இருக்கும்வரை முடியாது. சட்டம் தரும் 5.6 கிழமையை நீங்களே விரும்பினாலும் விற்க முடியாது. அதற்கு மேல் ஒப்பந்தத்தில் கூடுதலாக ஏதும் இருந்தால் அதைப் பேசித் தீர்க்கலாம்.

வேலையை விடும்போது மட்டும் காசாக்க வேண்டும். கிழமைக்கு மூன்று நாள், நாளுக்கு 8 மணித்தியாலம் செய்தவர் சரியாக அரை வருடத்தில் விலகினார் என்று வையுங்கள். வருட லீவு 134.4 மணித்தியாலம், பாதி 67.2. அவர் எடுத்தது 24. மிச்சம் 43.2. மணிக்கு 12.21 என்றால் 527.47 பவுண் கடைசிச் சம்பளத்தில் வரவேண்டும். நீங்களாக விலகினாலும், அவர்கள் நிறுத்தினாலும் வரும். நம்மவர்கள் கூடுதலாக விட்டுவிட்டுப் போகிற காசு இதுதான். சண்டை பிடித்துக்கொண்டு வெளியேறுகிறவர் "அந்தாளின் காசு எனக்கு வேண்டாம்" என்பார். அது அந்தாளின் காசே அல்ல.

சேர்ந்ததைவிடக் கூட லீவு எடுத்துவிட்டு விலகினால்? எழுத்தில் முன்பே சம்மதித்திருந்தால்தான் கடைசிச் சம்பளத்தில் வெட்டலாம்.

வருடம் முடிந்துவிட்டது, எட்டு நாள் எடுக்கவில்லை. போனது போனதுதானா?

சாதாரணமாகப் போகும். ஆனால் லீவை எடுக்கும்படி சொல்வதும், எடுக்காவிட்டால் போய்விடும் என்று எச்சரிப்பதும் முதலாளியின் கடமை. அவர் அப்படிச் செய்யவில்லை, அல்லது எடுக்கவே விடவில்லை என்றால் 4 கிழமை வரை அடுத்த வருடத்துக்குப் போகும். நோயால் எடுக்க முடியாமல் போனதும் கடந்து போகும், லீவு வருடம் முடிந்து 18 மாதத்துக்குள் எடுக்க வேண்டும். பிள்ளைப்பேற்று விடுப்பில் இருந்தால் 5.6 கிழமையும் கடந்து போகும். அந்த விடுப்பிலும் லீவு சேர்ந்துகொண்டே இருக்கும் என்பது பலருக்குத் தெரியாது.

இரண்டு இடத்தில் வேலை செய்கிறேன்.

இரண்டு இடத்திலும் தனித்தனியாக உண்டு.

ஒப்பந்தமே இல்லை, அல்லது "சுயதொழில்" என்று எழுதி வாங்கிவிட்டார்கள். அப்போது?

ஒப்பந்தத் தாள் இல்லாவிட்டாலும் உரிமை உண்டு. 2020 ஏப்ரலிலிருந்து முதல் நாளிலேயே வேலை நிபந்தனைகளை லீவு விபரத்தோடு எழுத்தில் தரவேண்டியது முதலாளியின் வேலை. நேரம் உறுதி இல்லாத பூச்சிய மணித்தியால ஒப்பந்தக்காரருக்கும், மாணவர் விசாவில் தவணைக் காலத்தில் கிழமைக்கு 20 மணித்தியாலம் மட்டும் செய்யலாம் என்றிருப்பவருக்கும் லீவு ஒன்றுதான்.

சுயதொழில் விஷயத்தில் தாளில் என்ன இருக்கிறது என்பதைவிட உண்மையில் வேலை எப்படி நடக்கிறது என்பதைத்தான் பார்ப்பார்கள். ஊபர் ஓட்டுநர்கள் தொழிலாளர்களே என்று 2021 பெப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னபின் அவர்களுக்கு லீவுச் சம்பளம் வந்தது. உணவு கொண்டுபோய்க் கொடுக்கும் டெலிவரூ நிறுவனத்தின் வழக்கு வேறு மாதிரிப் போனது: தனக்குப் பதிலாக இன்னொருவரை அனுப்பும் உரிமை இருந்ததை வைத்து 2023இல் அதே நீதிமன்றம் தொழிற்சங்கப் பேரத்துக்கு அதன் ஓட்டுநர்களைத் தொழிலாளர் உறவில் சேர்க்கவில்லை. கடையில் முதலாளி போடும் ரோட்டாவில், அவர் சொல்லும் நேரத்தில், நீங்களே நின்றுதான் செய்யவேண்டும் என்றால் "சுயதொழில்" என்ற சொல் பெரும்பாலும் நிற்காது.

கேட்டேன், தரமாட்டேன் என்கிறார். அடுத்தது என்ன?

முதலில் எழுதிக் கேளுங்கள், எண்ணோடு கேளுங்கள். "எனக்கு லீவுக் காசு வரவில்லை" என்று எழுதினால் பதில் வராது. "நான் கிழமைக்கு 20 மணித்தியாலம் வேலை செய்கிறேன். இந்த லீவு வருடத்தில் 112 மணித்தியாலம் லீவு உரியது. 40 எடுத்திருக்கிறேன். மிச்சம் 72. இது சரியா என்று எழுத்தில் சொல்லுங்கள்" என்று எழுதுங்கள். பாதிப் பேருக்கு இதோடு முடிந்துவிடும், ஏனென்றால் அந்தக் கடிதம் நேரே கணக்காளரிடம் வரும். கணக்காளருக்குச் சட்டம் தெரியும்.

முடியாவிட்டால் ஏகாஸ் என்ற அரச சமரச அமைப்புக்கு அறிவிக்க வேண்டும். அந்த அறிவிப்பு இல்லாமல் தொழில் தீர்ப்பாயத்துக்குப் போக முடியாது. தீர்ப்பாயத்தில் கட்டணம் இல்லை, 2017இல் உச்ச நீதிமன்றம் அந்தக் கட்டணத்தைத் தூக்கிவிட்டது. கெடுதான் கண்டிப்பு: காசு வந்திருக்க வேண்டிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒரு நாள் குறைவு என்றுதான் நெடுங்காலமாக இருந்துவருகிறது. இந்தக் கெடுவை நீட்டுவது பற்றி எங்கே என்ன வாசித்தாலும், மூன்று மாதம் என்றே நினைத்து நடவுங்கள். தொடர்ந்து குறைத்துக் கொடுத்து வந்திருந்தால் பின்னோக்கி இரண்டு வருடம் வரை கேட்கலாம்.

சட்ட உரிமையைக் கேட்டதற்காக ஊழியர் ஒருவரை நிறுத்தினால், அவர் நேற்றுச் சேர்ந்தவராக இருந்தாலும், அது நியாயமற்ற பணிநீக்கம்.

கையில் காசாக, வரிக் கணக்கில் வராமல் வாங்கியவர்கள் மட்டும் ஏகாஸுக்கு முன் சிற்றிசன்ஸ் அட்வைஸ் போன்ற இலவச ஆலோசனை இடத்தில் ஒருமுறை கதையுங்கள். லீவுக் கணக்கைத் திறக்கும்போது வரிக் கணக்கும் திறக்கும்.

சம்பளச் சிட்டை ஒன்றுமே வைத்திருக்கவில்லை. எதைக் காட்டுவது?

வங்கிக் கணக்கில் விழுந்த சம்பளம், வட்ஸ்அப் குழுவில் வந்த ரோட்டாப் படங்கள், லீவு கேட்டு அனுப்பிய செய்திகள் எல்லாம் சான்றுதான். முதலாளி வரித் திணைக்களத்துக்குக் காட்டிய சம்பளத்தை உங்கள் தனிப்பட்ட வரிக் கணக்கில் இணையத்திலேயே பார்க்கலாம். மணித்தியாலச் சம்பளம் வாங்குகிறவரின் சிட்டையில் எத்தனை மணித்தியாலம் என்று காட்டவேண்டும் என்பது 2019 ஏப்ரலிலிருந்து சட்டம், ஆகவே இல்லாத சிட்டையை முதலாளியிடமே எழுதிக் கேளுங்கள். ரோட்டாப் படங்களை மட்டும் இன்றே வேறொரு இடத்தில் சேமித்து வையுங்கள். வேலையை விட்ட அன்றே குழுவிலிருந்து உங்களை நீக்கிவிடுவார்கள்.